தை முதல் தை வரை

நம் சங்கத்தின் பொங்கல் விழாக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு



சங்கத்தின் ஆண்டு வரவு செலவுக் கணக்கைக் காரியதரிசி அவர்கள் சற்றுமுன் படித்தார்கள். அவையோர் அனைவரும் செவி சாய்த்துக் கேட்டீர்கள். ஒரு செலவினத்தைக் குறித்து இருவர் எழுந்து விளக்கமும் வேண்டினார்கள். இது நன்று. பொதுப்பணத்திற்குக் கணக்குக் கேட்கும் சபையே உயிருள்ள சபை. ஆயினும், தை பிறக்குங்கால் நாம் ஒவ்வொருவரும் நம் மனத்துள் செய்துகொள்ளும் உறுதிகளுக்கு ஆண்டிறுதியில் யார் கணக்குப் படிக்கின்றார்? படிப்பாரும் இல்லை, கேட்பாரும் இல்லை. ஆகலின் அவ்வுறுதிகள் மாசிக்குள் மறைந்துபோகின்றன. மறைந்தன என்பதும் நமக்குத் தெரிவதில்லை.

அத்தகைய கணக்கொன்றை இவ்வவையிற் படிக்கத் துணிந்தோம். பொருளோ சிறிது, ஊசியும் நூலும் பற்றியது. சென்ற தை முதல் நாள் யாம் எமக்கென ஆறு தையற் குறிக்கோள்களை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்தோம். அவற்றுள் எவை முற்றின, எவை பாதியில் நின்றன, எவை மாறின என்று ஆராய்வதே இப்பேச்சின் நோக்கம். இலக்கணமும் இலக்கியமும் கற்பிக்கும் ஆசிரியனுக்குத் தையலில் என்ன வேலை என்று சிலர் நகைக்கக்கூடும். நெய்தல் நம் முன்னோர் தொழில். நெய்த துணியை அளந்து, வெட்டி, இணைத்து, கிழிந்தவிடத்துத் திருத்தும் தொழிலை மட்டும் நாம் பிறர்க்கு விட்டுவிட்டோம். அதனைச் சிறிதேனும் கற்பது நமக்கு அயலான செயலாகாது.

முதற்கண் சொல்லை நோக்குவோம். திங்களின் பெயராகிய தை, பூச நாளைக் குறிக்கும் வடசொல்லின் வழி வந்தது என்பர். ஊசியால் இணைத்தலைக் குறிக்கும் தை, தமிழ் வினைச்சொல். இரண்டும் பிறப்பால் வேறு, ஒலியால் ஒன்று. முள் காலில் தைத்தது, சுடுசொல் நெஞ்சில் தைத்தது என்று வழங்குகின்றோம். ஊடுருவுதலே அவ்வினையின் அடிப்பொருள். முள்ளும் சுடுசொல்லும் ஊடுருவிப் புண் செய்கின்றன. ஊசி ஊடுருவிப் பிரிந்ததை ஒன்றாக்குகின்றது.

தையல் என்னும் சொல்லுக்கு அழகு என்றும் பெண் என்றும் பொருள் உண்டு. இதனைக் கொண்டு தையல் பெண்டிர்க்கே உரியது என்பாரும் உளர். அங்ஙனமாயின், கடைத்தெருவில் தையற்பொறியின் முன் அமர்ந்திருப்போருள் ஆடவர் இத்துணைப் பேர் இருப்பது யாங்ஙனம்? உண்மையை உள்ளவாறு கூறின், கூலி கிடைக்கும் தையலை ஆடவர்க்கும், கூலியில்லாத் தையலைப் பெண்டிர்க்கும் என நெடுங்காலம் பங்கிட்டு வைத்தோம். சொல்லுக்குப் பல பொருள் உண்டு என்பதைக் காட்டி அப்பங்கீட்டை நியாயமாக்க இயலாது.

தமிழ் நாட்டில் இத்தொழில் பழமையானது. சிலப்பதிகாரத்து இந்திரவிழவூரெடுத்த காதை, புகார் நகரத்து மருவூர்ப்பாக்கத்தில் வாழ்ந்த தொழிலாளருள் துன்னகாரரையும் சேர்த்து எண்ணுகின்றது. துன்னம் என்பது தையல்; துன்னகாரர் தையற்காரர். பொருநராற்றுப்படையிலோ, கரிகாலனைக் காண வந்த பொருநன் உடுத்திருந்தது வேற்று நூல் நுழைத்துத் தைத்த கந்தை. அரசன் அதனை நீக்கிப் பாம்பின் உரி போன்ற நுண்ணிய ஆடை அளித்தான். புலவர்கள் அரசனது கொடையையே போற்றுவர். யாம் அக்கந்தையையும் நினைக்கின்றோம். அரசன் வாயிலை அடையும் வரையில் அவ்வறிஞனது மானத்தைக் காத்தது, யாரோ ஒருவர் ஊசியால் இட்ட அந்தத் தையல்தான் அன்றோ? கூழானாலும் குளித்துக் குடி, கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்பது நம் பழமொழி. கசக்கிக் கட்டுவதற்கு முன் கிழிசலைத் தைத்துக் கட்டு என்றும் அதனோடு கூட்டிக்கொள்ளலாம்.

இனிப் பொறியின் வரலாறு. காதுள்ள எலும்பூசிகள் ஏறத்தாழ 40,000 ஆண்டுகட்கு முன்னரே சைபீரியாவில் வழங்கின. அத்துணைப் பழமையுடைய கைத்தையலுக்குத் துணையாக ஒரு பொறி வர, 19ஆம் நூற்றாண்டு வரை மக்கள் காத்திருந்தனர். பிரெஞ்சு நாட்டுத் தையற்காரராகிய திமோனியே 1830இல் தம் பொறிக்கு உரிமம் பெற்றார். தம் பிழைப்புப் போய்விடும் என்றஞ்சிய பாரிசு நகரத் தையற்காரர்கள் 1831இல் அப்பொறிகளை உடைத்தெறிந்தனர். அமெரிக்க நாட்டு எலியாசு ஓவ் 1846இல் உரிமம் பெற்ற பொறியில் ஊசியின் காது முனையருகே இருந்தது. கையூசிக்குக் காது பின்புறம், பொறியூசிக்கு முன்புறம். இச்சிறு மாற்றத்தால் மேல்நூல் துணியைத் துளைத்துக் கீழே சென்று, அங்குள்ள மற்றொரு நூலோடு பிணைந்து மீள முடிந்தது. ஐசக் சிங்கர் 1851இல் தம் பொறிக்கு உரிமம் பெற்றார். 1856இல் அவரது நிறுவனம் தவணை முறையில் விற்கத் தொடங்கவே எளிய குடும்பங்களிலும் பொறி புகுந்தது. எந்திரங்களின் மீது ஐயம் கொண்டிருந்த காந்தியடிகளும் 1924இல் ஓர் உரையாடலில், தையற்பொறியைத் தம் கண்டனத்திற்கு விலக்காக ஏற்றார். மனிதனை வேலையினின்று விரட்டாது அவன் கைக்கு ஓய்வு தரும் பொறி அது என்பது அவர் கருத்து.

வரலாறு நிற்க. எம் குறிக்கோள்களுக்கு வருவோம். அவை வருமாறு: ஒன்று, நாள்தோறும் கால் மணி நேரம் தையலில் அமர்தல். இரண்டு, கைத்தையல் நான்கினைப் பழகுதல். அவற்றுள் காஜா மட்டும் 50 எடுத்தல். மூன்று, இல்லத்திலுள்ள கிழிந்த ஆடை அனைத்தையும் திருத்துதல். நான்கு, புத்தாடை சில தைத்தல். அவற்றுள் ஒன்று எமக்குரிய சட்டை. ஐந்து, நம்மவர் இருவரைத் தையற்பொறியில் அமரச் செய்தல். ஆறு, எம் அன்னையார் விட்டுச்சென்ற நான்கு பருத்திப் புடவைகளைக் கொண்டு ஒரு போர்வை செய்தல். எமக்கு ஆசானாய் வாய்த்தவர் கடைத்தெருவில் நெடுங்காலம் தொழில் செய்து ஓய்ந்த முதியவர் ஒருவர். அவர் நம் குலத்தார் அல்லர். தொழிலறிவுக்குக் குல எல்லை இல்லை என்பதற்கு இதுவே சான்று.

முதற் குறிக்கோளின் கணக்கு: ஆண்டில் யாம் அமர்ந்த நாட்கள் 214, அமராத நாட்கள் 151. தேர்வுப் பணி, மாலையில் மாணவர்க்கு நடத்திய தனி வகுப்புகள், திருமணங்களும் பயணங்களும், உடல் நலக் குறைவு ஆகியன அந்நாட்களைக் கொண்டன. 214 நாட்களின் கால் மணிகளைக் கூட்டினால் 53½ மணி நேரம் ஆகின்றது. ஓராண்டின் உழைப்பு அனைத்தும் இரண்டு பகல் இரண்டு இரவும் ஐந்தரை மணியுமே. இத்துணைச் சிறு காலத்தில் ஒருவர் எவ்வளவு கற்கலாம் என்பதே எமக்கு வியப்பளித்தது. மற்றொன்றும் காண்க. தை முதல் ஆனி வரை அமர்ந்தவை 78 நாட்கள். ஆடி முதல் மார்கழி வரை 136. இவ்வேற்றுமைக்குக் காரணம், ஆடியில் தையல் வேளையை மாலையினின்று விடியற்காலைக்கு மாற்றியதுதான். மாலை வேளை பலர்க்கும் கடன்பட்டது. விடியல் நமக்கே உரியது. உறுதியின் வலிமையை மட்டும் நம்பாது, அதற்கு நாளில் ஓர் இடம் தேடிக் கொடுத்தல் வேண்டும் என்பதை இவ்வெண்கள் கற்பித்தன.

இரண்டாவது குறிக்கோள். ஓட்டுத் தையல், பின்தையல், எம்மிங் எனப்படும் விளிம்புத் தையல் ஆகிய மூன்றும் சித்திரைக்குள் கைவந்தன. ஆசான் முதலிற் சொன்ன விதி, கையூசியில் நூல் ஒரு முழத்திற்கு மேல் வேண்டா என்பது. நூல் நீண்டால் முடிச்சு விழும். துணிக்குள் பலமுறை இழுபட்டு நையும். ஒருமுறை கோக்கும் சோம்பலுக்காக நீண்ட நூல் எடுப்பவர் முடிச்சவிழ்ப்பதில் இருமடங்கு காலம் இழப்பர். காஜாவோ அருமையான வேலை. வெட்டிய துளையின் விளிம்பெங்கும் நூல் நெருங்கிச் சுற்றி, ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முடிச்சு விளிம்பின் மேல் வரிசையாய் அமர வேண்டும். மாசியில் ஒரு காஜாவிற்கு 40 நிமிடம் ஆயிற்று. மார்கழியில் 12 நிமிடம். ஐம்பதில் எடுத்தவை 36, எஞ்சியவை 14. இதனைப் பாதி நிறைவு என்று எழுதினோம்.

மூன்றாவது, கிழிந்த ஆடைகளைத் திருத்துதல். இல்லத்தில் ஒரு கூடை வைத்து, பழுதுபட்ட ஆடை எதுவாயினும் அதில் இடுமாறு கூறினோம். ஆண்டில் அக்கூடைக்கு வந்தவை 31. அவற்றுள் நான்கு நைந்துபோனமையால் அடுப்பங்கரைத் துணியாயின. திருத்தியவை 27. அவற்றை வகைப்படுத்திப் பார்த்தபோது ஓர் உண்மை புலனாயிற்று. மடிப்பு அவிழ்ந்தவை 9. பொத்தான் போனவை 8. தையல் விட்டவை 6. துணியே கிழிந்தவை 4. ஆக, 27இல் 23 ஆடைகளில் துணி கெடவில்லை. நூல் மட்டுமே விட்டிருந்தது. நெய்தவன் உழைப்பு முழுதாய் இருக்க, தைத்த நூல் ஒரு சாண் விட்டதற்காக நாம் ஆடையை ஒதுக்கிவிடுகின்றோம். மடிப்பும் பொத்தானுமாகிய பதினேழிற்கும் ஒவ்வொன்றிற்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஆண்டுக்கு எத்துணை நல்ல ஆடைகள் இங்ஙனம் பத்து நிமிடத்திற்கு ஆளில்லாமல் பரணுக்குப் போகின்றன என்பதைத் தாய்மார்கள் தத்தம் இல்லத்தில் எண்ணிப் பார்க்க வேண்டுகின்றோம். தந்தைமார்களும் எண்ணலாம், பொத்தான் தைக்க மீசை தடையாவதில்லை.

நான்காவது, புத்தாடை. தலையணை உறை இரண்டு, உள்பாவாடை நான்கு, ஜிப்பா ஒன்று ஆகியவை முடிந்தன. சட்டை தைப்பதென்று எழுதியிருந்தோம். காலர் என்னும் கழுத்துப் பகுதியை ஆசான் விளக்கியபின், அதற்குரிய பயிற்சி இன்னும் ஓராண்டு வேண்டும் எனக் கண்டு, காலரில்லாத ஜிப்பாவாக மாற்றினோம். குறிக்கோளை மாற்றுதல் தகுமா என்று கேட்பீர்கள். காரணத்தை எழுதிவைத்து மாற்றினால் தகும்; எழுதாமல் நழுவவிட்டால் தகாது.

இவ்விடத்தில் நம் குலத்தார்க்கு மகிழ்வூட்டும் செய்தியொன்று உண்டு. ஆடையின் நீளம் துணியின் பாவு நெடுக வருமாறு வெட்டவேண்டும் என்றார் ஆசான். ஏன் என்று அவர் கூறுமுன்னரே எமக்கு விளங்கிவிட்டது. தறியில் பாவு இழை இறுக இழுத்துக் கட்டப்படுகின்றது. ஆதலின் துணி அத்திசையில் நீளுதல் குறைவு. ஊடை இழையின் திசையில் சிறிது நெகிழும். மூலைவாட்டில் மிக நெகிழும். ஆகலின் வளைந்த கழுத்திற்கு இடும் பட்டியை மூலைவாட்டில் வெட்டுகின்றனர். அதனைக் கிராஸ் பட்டி என்பர் தையற்காரர். துணி வாங்கியதும் நனைத்து உலர்த்திய பின்னரே வெட்டுவதும் இதனோடு தொடர்புடையது. இழுத்து நெய்த பருத்தி இழை நீர் பட்டதும் தன் இயல்பான அளவிற்குச் சுருங்கும். தறியறிவு உடைய குடும்பத்துப் பிள்ளைகள் தையலைப் பாதி கற்றே பிறக்கின்றனர் என்று ஆசான் கூறினார். அவ்வறிவு நம் தலைமுறையோடு மறைந்துவிடாதிருத்தல் வேண்டும்.

ஐந்தாவது குறிக்கோளே எல்லாவற்றினும் முக்கியமானது. பொறியில் அமர்த்திய இருவருள் ஒருவர் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த இளைஞர். மூன்று மாதம் பழகியபின் திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலில் வேலை கிடைத்துச் சென்றுவிட்டார். மற்றவர் நம் குலத்துச் சகோதரி ஒருவர், பெயர் கூறோம். திருமணச் சீர்வரிசையில் 14 ஆண்டுகட்கு முன் அவருக்கு ஒரு தையற்பொறி கொடுத்தனர். பெட்டிமேல் பூ வேலை செய்த உறை போட்டு, அதன்மேல் கடிகாரமும் சாமி படமும் வைத்திருந்தார்கள். இரண்டாண்டுகட்கு முன் கணவர் காலமானார். பிள்ளைகள் இருவர். வேலை தேடி அவர் பல இடம் அலைந்தபோதும் அப்பொறி அவ்வீட்டின் மூலையிலேயே இருந்தது. அதனை இயக்க அவருக்கு எவரும் கற்பிக்கவில்லை. பொறியைச் சீராகக் கொடுத்தோம். தொழிலைச் சீராகக் கொடுக்கவில்லை.

எம் இல்லாளும் அவரும் யாமும் சேர்ந்தே ஆசானிடம் கற்றோம். 14 ஆண்டு கிடந்த பொறியை இயங்கச் செய்வதற்குத் தேவைப்பட்டவை எண்ணெய், புதிய தோல்வார், புதிய ஊசி, ஒரு பகல் உழைப்பு ஆகிய இவையே. முதல் வாரத்தில் துணியின் அடிப்புறத்தில் நூல் சுருண்டு சிக்கிற்று. பாபின் எனப்படும் கீழ்க்கண்டில் பழுது என்று அச்சகோதரி அதனையே பலமுறை கழற்றி மாட்டினார். ஆசான் சிரித்து, அடியில் சிக்கல் கண்டால் பெரும்பாலும் மேல்நூல் கோத்ததில் குறை இருக்கும், மேலே பார் என்றார். அங்ஙனமே மேல்நூலைச் சரியாகக் கோத்ததும் சிக்கல் தீர்ந்தது. குடும்பத்திலும் சங்கத்திலும் கீழே தோன்றும் சிக்கல்களுக்கு இவ்விதி பொருந்துமா என்பதைப் பெரியோர்கள் சிந்திக்க விடுகின்றோம்.

அச்சகோதரி இப்பொழுது புடவைகளுக்கு ஃபால்ஸ் தைக்கின்றார். உள்பாவாடையும் ரவிக்கையும் தைக்கின்றார். பீக்கோ வேலைக்கு வேறு பொறி வேண்டுமாகலின் அதனை மட்டும் அடுத்த கடையிற் கொடுத்து வாங்குகின்றார். தைப்பயிற்சிச் சான்றிதழுக்கும் ஆயத்தமாகின்றார். அச்சான்று வெறுந்தாள் அன்று. சத்தியவாணி முத்து அம்மையார் நினைவாக வறிய பெண்டிர்க்கும் கைம்பெண்களுக்கும் அரசு இலவசமாக வழங்கும் தையற்பொறிக்கும் தையல் அறிந்தமைக்குரிய சான்று கேட்கப்படுகின்றது. பள்ளிகளில் சத்துணவு உண்ணும் பிள்ளைகளுக்கு விலையின்றி வழங்கப்படும் சீருடைகளை மகளிர் தையல் தொழிற் கூட்டுறவுச் சங்கத்தினரே தைக்கின்றனர். எம் வகுப்பறையில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளின் தோளில் ஏதோ ஓர் ஊரில் ஒரு தாய் இட்ட தையல் இருக்கின்றது. அத்தாய்மாருள் நம் குலத்துச் சகோதரிகளும் ஏன் சேரலாகாது? கையில் தொழில் இருந்தால் துயரம் வாராது என்று யாம் சொல்லவில்லை. துயரம் வந்த மறுநாள், பிறர் வாயிலில் நிற்குமுன் தன் வாயிலைத் திறந்து அமர ஓர் இடம் இருக்கும் என்று மட்டுமே சொல்லுகின்றோம்.

ஆறாவது, அன்னையாரின் புடவைகள். அவை எம் தந்தையார் தம் தறியில் நெய்தவை. நான்கினையும் சதுரங்களாக வெட்டி, வண்ணம் மாற்றி இணைப்பதென்று எழுதியிருந்தோம். வைகாசியில் அவற்றை விரித்துக் கோடு வரைந்தபோது, தந்தையார் கோத்த கரையை வெட்ட மனம் இசையவில்லை. எம் இல்லாள் ஒரு வழி சொன்னார். புடவையின் நீளம் ஏறத்தாழ ஐந்தரை மீட்டர். ஒவ்வொன்றையும் நீளத்திற் பாதியாக மடித்து, இரண்டை அருகருகே கரையோடு கரை இணைத்து, அதன்மேல் மற்ற இரண்டையும் அவ்வாறே அமைத்தால், நான்கு மடிப்புள்ள போர்வை கிடைக்கும். கத்தரிக்கோலுக்கு வேலையே இல்லை. அதன்மேல் நான்கு விரல் இடைவெளியில் நெடுக ஓட்டுத் தையல் இட்டால் மடிப்புகள் விலகாது நிற்கும். அங்ஙனமே தொடங்கினோம். 30 வரிசைகளில் 11 முடிந்தன, 19 எஞ்சியுள்ளன. ஒரு வரிசை முடிக்கப் பல விடியல்கள் ஆகின்றன. இதனை விரைந்து முடிக்க வேண்டும் என்னும் எண்ணம் இப்பொழுது இல்லை. தந்தையார் ஊடை ஓட்டிய துணியில் எம் கை நூல் ஓட்டுகின்றது. அத்துணைக் காலம் அவ்விருவரோடும் இருக்கின்றோம்.

ஆக, ஆறனுள் முழுதும் முடிந்தது ஒன்று. காரணத்தோடு மாற்றி முடித்தது ஒன்று. பாதியளவில் நிற்பவை நான்கு. இது பெரிய வெற்றியன்று, தோல்வியும் அன்று. இக்கணக்கால் யாம் அறிந்தவை மூன்று. முதலாவது, எண்ணால் குறித்த உறுதியே ஆண்டிறுதியில் அளக்கத்தக்கது. தையல் கற்பேன் என்று எழுதியிருந்தால் இன்று கற்றேன் என்றும் சொல்லலாம், கற்கவில்லை என்றும் சொல்லலாம். ஐம்பது காஜா என்று எழுதியமையால் முப்பத்தாறு என்று சொல்ல முடிகின்றது. இரண்டாவது, மாதந்தோறும் கணக்குப் பார்த்தல் வேண்டும். ஆனி முடிவில் 78 என்று கண்டமையாலன்றோ வேளையை மாற்றினோம்? ஆண்டிறுதி வரை காத்திருந்தால் வருத்தமே மிஞ்சியிருக்கும். மூன்றாவது, தனக்கென வைத்த குறிக்கோள்களுள் ஒன்றாவது பிறர்க்குப் பயன்படுவதாக இருத்தல் வேண்டும். மழை பெய்த விடியல்களிலும் எம்மை எழுப்பியது, அச்சகோதரி வந்து காத்திருப்பார் என்னும் நினைவே. வள்ளுவர் வினைத்திட்பம் என ஓர் அதிகாரம் வகுத்தார். மனத்திட்பம் தளருங்கால் அதனைத் தாங்குவது பிறர் நம்மேல் வைத்த நம்பிக்கை என்பதைப் பழக்கத்தில் கண்டோம்.

வரும் ஆண்டிற்கு நான்கே எழுதியுள்ளோம்: போர்வையின் 19 வரிசைகள், எஞ்சிய 14 காஜாக்கள், காலர் வைத்த சட்டை ஒன்று, பொறியில் அமர்த்த இன்னும் இருவர்.

அன்பர்களே! இந்த இறுதிக் குறிக்கோள் எம்மால் மட்டும் முடிவதன்று. ஆகலின் சங்கத்தின் முன் மூன்று விண்ணப்பங்களை வைக்கின்றோம். முதலாவது, நம் உறுப்பினர் இல்லங்களில் உள்ள தையற்பொறிகளைக் கணக்கெடுத்து, இயங்குபவை எத்தனை, உறை போட்டுக் கிடப்பவை எத்தனை என்று ஒரு பதிவேடு எழுதவேண்டும். இரண்டாவது, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை சங்கக் கட்டிடத்தைத் தையற் பயிற்சிக்குத் திறந்துவிடவேண்டும். எம் ஆசான் வந்து கற்பிக்க இசைந்துள்ளார். அவர்க்குத் தக்க ஊதியம் அளித்தல் நம் கடன். நம் குலத்தார் அல்லாத அண்டைவீட்டுப் பெண்டிர் வரினும் இடம் அளித்தல் நம் பெருமை. மூன்றாவது, சான்றிதழ்ப் பயிற்சிக்குக் கட்டணம் செலுத்த இயலாதவர்க்குக் கல்வி நிதியினின்று உதவ வேண்டும். இம்மூன்றையும் நிர்வாகக் குழு தன் அடுத்த கூட்டத்தில் ஆராயுமாறு பணிவுடன் வேண்டுகின்றோம்.

ஒருவன் பெரும் பொருளைத் துறந்து செல்வதற்குக் காதற்ற ஓர் ஊசி போதுமானதாயிற்று என்பது பட்டினத்தடிகள் வரலாற்றில் வழங்கும் செய்தி. துறவிக்கு அவ்வூசி. இல்லறத்தார்க்கோ காதுள்ள ஊசி வேண்டும். அதில் நூல் கோத்திருக்கவும் வேண்டும். பொறி உள்ளவர்கள் நாளை விடியலில் அதன் உறையை நீக்கித் தூசி துடைத்து, நான்கு துளி எண்ணெய் இடுக. பொறியில்லாதவர்கள் பொத்தான் போன சட்டையொன்றை எடுத்து, ஒரு முழம் நூல் கோக்க. தை பிறந்துவிட்டது.

நம் சங்கம் வளர்க, கைத்தொழில் வாழ்க.